நாலு தடவை மாற்றிய பாஸ்வேர்ட்

"நாலு தடவை பாஸ்வேர்டை மாத்திட்டேன். நாலையும் உடைச்சிட்டான். யாருன்னு மட்டும் தெரியட்டும், கையை ஒடிச்சிடறேன்."

கம்ப்யூட்டர் மெக்கானிக் உள்ளே வந்ததும் வீட்டுக்காரர் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவி சட்டைப்பைக்குள் போனது. மூன்றாவது மாடி, ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. மெக்கானிக்குக்கே மூச்சு முட்டியது.

"எப்ப சார் நுழையறான்?"

"நான் ஆபீஸ் போனப்புறம். சாயங்காலம் வந்து தொட்டுப் பார்த்தா பெட்டி சூடா இருக்கு."

"வீட்ல வேற யாரு?"

"சம்சாரம் மட்டும்தான். அவளுக்கு இதை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. வெளியாளும் வர வழியில்ல, வெளிப்பக்கம் பூட்டிட்டுத்தான் போவேன். ஒரு ஈ நுழையாது. இவன் நெட் வழியா வர்ற ஹேக்கர்தான்."

சமையலறை வாசலில் அவர் மனைவி தண்ணீர் டம்ளரோடு நின்றாள். "உள்ள போ" என்றார். போய்விட்டாள்.

மெக்கானிக் உட்கார்ந்தான். அவர் மூச்சுக்காற்று பிடரியில் படும்படி பின்னால் வந்து நின்றுகொண்டார். பழைய பதிவுகள் திறந்தன. தினமும் காலை பத்தேகாலிலிருந்து ஐந்தரை வரை யாரோ எதையெதையோ தேடியிருந்தார்கள். முதல் வரியில், 'வெளிப்பக்கம் பூட்டிய கதவை உள்ளேயிருந்து திறப்பது எப்படி' என்றிருந்தது.

"என்ன போட்டிருக்கு? எழுத்து பொடிசா இருக்கே. இருப்பா, கண்ணாடி எடுத்துட்டு வரேன்."

அவர் திரும்பி வருவதற்குள் அத்தனையையும் அழித்துவிட்டான்.

"பெரிய கில்லாடி சார். இங்க வெச்சுப் பிடிக்க முடியாது, கடைக்குக் கொண்டுபோகணும்." குரலை உயர்த்தினான். "நான் சிபியூவைத் தூக்கிக்கறேன், நீங்க மானிட்டரைப் பிடிங்க. கீழே போய் வண்டியில கட்டறதுக்கு எப்படியும் பத்து நிமிஷம் ஆகும்!"

"எதுக்குய்யா கத்தற? பக்கத்துலதானே நிக்கறேன்."

பூட்டைத் திறந்துவிட்டு மானிட்டரைத் தூக்கினார். இரண்டு கையும் நிறைந்துவிட்டது. கதவைக் காலால் இழுத்துச் சாத்திவிட்டு முனகிக்கொண்டே படியிறங்கினார்.

கீழே, வேனுக்குள் தலையை விட்டுக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தார். மெக்கானிக் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தான். அவர் முதுகுக்குப் பின்னால் அவர் மனைவி, செருப்பைக் கையில் பிடித்தபடி, கேட்டைத் தாண்டினாள். திரும்பியே பார்க்கவில்லை. தெருமுனையில் நின்ற பஸ்ஸில் ஏறினாள்.

"இனிமே அந்த ஹேக்கர் என் வீட்டுக்குள்ள வரமாட்டானே?"

பஸ் மறைந்ததும் மெக்கானிக் கடைசி முடிச்சை இறுக்கினான்.

"வரமாட்டாங்க, சார்."