ஒரே மூஞ்சி

தூத்துக்குடி பாளையங்கோட்டை ரோட்டு மண்டபத்தில் கைதட்டல் ஓய்வதற்குள், மேடைக்குப் பின்னால் இருந்த அறைக் கதவை ரெக்சன் உதைத்துத் திறந்தார். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். உடம்பெல்லாம் கொதித்தது அவருக்கு.

உள்ளே காமெடிக்காரன் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தான். மேடையில் அவன் பெயர் பாண்டி.

"உக்காருங்க மொதலாளி" என்றான்.

பேச்சில் அசல் தூத்துக்குடிக்காரன். நம்மூரான் வாயிலேயே இப்படி வருகிறதே என்று ரெக்சனுக்கு இன்னும் ஆத்திரம்.

"ஏலே, கடக்கரை ஆளுன்னா ஒனக்கு அம்புட்டு எளக்காரமா?"

மேடையில் பாண்டி ஒரு முதலாளியாக நடித்துப் பேசிய வீடியோவை ஊரே பார்த்துச் சிரித்திருந்தது. ‘கடக்கரைக்காரனுவ பத்துப் பேரு ஒரே ரூம்ல கெடப்பானுவ. கிட்டப் போனா நாறுவானுவ. எல்லாவனுக்கும் ஒரே மூஞ்சி, அதனால நான் பேரே கேக்கதில்ல!’

"சென்னையில எம் மக படிக்கா. ஒன் வீடியோவப் பாத்துட்டு ஹாஸ்டல்ல அவ கட்டிலத் தள்ளிப் போட்டிருக்காளுவ. மூக்கப் பொத்துதாளுவ. படிப்பே வேண்டாம்னு பிள்ள பெட்டியோட வந்து நிக்கா!"

பாண்டியின் கையில் துண்டு அப்படியே நின்றது.

"பாப்பாவா?"

"அவளேதான்! எங்களப் பாத்தா மனுசனாத் தெரியலையா? ஒவ்வொருத்தனுக்கும் அப்பன் ஆத்தா வச்ச பேரு இருக்குல!"

"இருக்கு மொதலாளி."

"ஆமாஞ்சாமி போடாத. இந்த அசிங்கத்த நீயா எழுதுன?"

"இல்ல. ஒருத்தர் பேசுனதக் கேட்டு மனப்பாடம் பண்ணேன்."

"அவனச் செருப்பாலயே அடிக்கணும்!"

"எனக்குக் கை வராது. அவரு உப்பத் தின்னவன் நான்."

"எவன்ல அது? பேரச் சொல்லு!"

பாண்டி எழுந்து விளக்குக்கு நேராக வந்து நின்றான். ரெக்சன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். யாரென்று பிடிபடவில்லை.

"நாலு வருசம் ஒங்க கம்பெனில ஐஸ் ஒடச்சேன் மொதலாளி. எங்களப் பீகார்க்காரன்னு நீங்க சொன்ன எடத்துல கடக்கரைக்காரன்னு மாத்துனேன், அம்புட்டுதான்."