உள்ளங்கைச் சீனி

உண்மையிலேயே கணவன் மனைவிதானா என்று அறிய, அகதி விசாரணையில் அந்த இருவரையும் தனித்தனியே கேட்டார்கள்.

“உங்கட மனுசன்ர தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி போடுவியள்?” மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“நான் போடுறேல்லை,” என்றாள் தவமலர்.

“சீனி இல்லாமல் எனக்குத் தேத்தண்ணி இறங்காது,” என்றான் குகநேசன், அடுத்த அறையில்.

பதில்கள் பொருந்தவில்லை. அதிகாரி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தார். தேநீரும் சீனியும் வரவழைத்து, வீட்டில் செய்வதுபோலச் செய்யச் சொன்னார்.

தவமலர் கோப்பைக்குள் எதுவும் போடவில்லை. அதை அவன் பக்கம் நகர்த்தினாள். குகநேசன் இடது உள்ளங்கையை நீட்டினான். அவள் அதில் சீனியைக் கொட்டினாள். அவன் கொஞ்சம் நக்கிவிட்டு ஒரு மிடறு குடித்தான்.

“ஆறுதலாக் குடியுங்கோப்பா, சுடும்,” என்றாள்.

அதை மொழிபெயர்க்கும்படி அதிகாரி கேட்கவில்லை.