ஃப்ரிட்ஜுக்குள் போன குளிர்

"இன்னிக்கும் ஒரு ஃபோன் கூட வரலைன்னா, நாளையிலேர்ந்து அந்த ஒரு மணி நேரமும் வெறும் பாட்டுதான், மைனா" என்றார் வானொலி நிலைய மேலாளர். குரலில் கோபமே இல்லை. அதனாலேயே சொன்னதைச் செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மைனா என்பது வானொலிக்காக அவள் வைத்துக்கொண்ட பெயர். மூன்று வாரமாக 'நேயர் நேரம்' நடத்துகிறாள். நேரம் இருந்தது, நேயரைத்தான் காணோம்.

முந்தின நாள் சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்லிக் கண் கலங்கினாள். கணவன் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். மாமியாரோ, "ரேடியோவெல்லாம் இன்னும் கேக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அத்தை அவளிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சே அதுதான்.

ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதி வைத்திருந்த தலைப்பை மைனா தள்ளி வைத்தாள். மடியில் சுவெட்டர் கிடந்தது. காலையில் பல் தந்தியடித்ததால் போட்டுக்கொண்டு கிளம்பியது. பாதி வழியில் வேர்த்துக் கொட்டியதால் கழற்றியது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெய்த மழையில், அதையே தலையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

"நேயர்களே, இது குளிர்காலமா, வெயில்காலமா, இல்ல அதுக்கே குழப்பமா? ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னாலும் சொல்லுங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கொட்டாவி விட்டார். அது பாதியில் நின்றது. ஃபோன் அடித்தது.

"லாரி டிரைவர் பேசறேம்மா" என்றது ஒரு கட்டைக் குரல். "எல்லாம் இந்த மாடிக் கட்டடங்களால வந்த வினை. முன்னெல்லாம் குளிர்காத்து நேரா வரும். இப்ப ஒவ்வொரு கட்டடமா முட்டிக்கிட்டு, சந்து சந்தா வழி கேட்டு வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே வேர்த்துடுது."

மைனா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். வைத்த மறு நிமிடமே மறுபடி மணி.

"நான் ரிட்டயரான கணக்கு டீச்சர்." மூக்கால் பேசும் குரல். "அந்த டிரைவர் சொன்னது சுத்தத் தப்பு. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வாங்கிட்டாங்க. ஊர்ல இருக்கிற குளிரையெல்லாம் பிடிச்சு உள்ள போட்டு மூடிட்டா வெளிய ஏது குளிரு? விடியக்காலைல எல்லாரும் பாலெடுக்கக் கதவைத் திறக்கறாங்க. அப்ப மட்டும் குளிருது. கணக்கு சரியா வருதா?"

"வருது டீச்சர்" என்றாள் மைனா. வேறென்ன சொல்வாள்.

டிரைவர் விடவில்லை. "டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் என்னம்மா, என் லாரி சைஸா? அப்ப இன்னிக்கு மழை வந்துச்சே, அது யாரு வீட்டுக் குழாய்?"

டீச்சரும் விடவில்லை. "அவரை முதல்ல லாரி ரேடியேட்டர்ல தண்ணி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. சூடு அங்கேர்ந்துதான் வருது."

ஒலிப்பதிவாளர் மேசையில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஃபோன் கீழே இறங்கவே இல்லை. டிரைவர் கட்சி, டீச்சர் கட்சி என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. புது மாப்பிள்ளை ஒருவர், தானும் மனைவியும் சண்டை போட்டால் வெயில், ராசியானால் பனி என்று சத்தியம் செய்தார். "இன்னிக்கு எப்படிங்க?" என்று மைனா கேட்டதற்கு, "சாயங்காலம் வரைக்கும் வெயில்தாங்க" என்றார் பரிதாபமாக.

அடுத்து ஒரு பெண். "எங்க வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல ஏசியைப் போட்டுக்கிட்டு ஜில்லுனு இருக்காரு. சூட்டையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குத்தான் கொண்டுவர்றாரு."

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறாரும்மா?"

"உங்களுக்கு மேலாளரே அவருதாம்மா."

கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்ற மேலாளர், மெல்லக் குனிந்து பார்வையிலிருந்து மறைந்தார். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, "நாளையிலேர்ந்து ரெண்டு மணி நேரம் வச்சுக்கலாம்" என்றார். "ஆனா என் வீட்டு ஃபோனை மட்டும் எடுக்காதே."

மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வரும் வழியெல்லாம் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

கதவைத் திறந்த கணவன் உதட்டில் விரல் வைத்தான். "மெதுவா. அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பேச்சே வரலை."

"வெயிலும் பனியும் மாறி மாறி அடிச்சா பின்னே எப்படிங்க?"

அவள் வெந்நீரில் உப்புப் போட்டு எடுத்துப் போனாள். கட்டிலில் கழுத்தைச் சுற்றித் துண்டோடு அத்தை உட்கார்ந்திருந்தார். வாங்கிக் கொப்பளித்தார். இன்னொரு முறை கொப்பளித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த டீச்சரை இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பேம்மா" என்றார் லாரி டிரைவரின் கட்டைக் குரலில். உடனே மூக்கால், "அதுக்குள்ள ஊர்ல உள்ளவங்கல்லாம் புகுந்து எனக்கே லைன் கிடைக்காமப் பண்ணிட்டாங்களே" என்றார்.