இன்னுங் கொஞ்சம் பொறு

"எடுத்துரட்டுமாக்கா?"

பொன்னாயி ரொட்டி அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து பிடித்தபடி கேட்டாள். முகமெல்லாம் வியர்வை. உள்ளே தகரத் தட்டுகளில், அஸ்காச் சர்க்கரை போட்ட பிஸ்கோத்துகள் வெளுப்பு மாறாமல், ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தன.

கந்தம்மாள் எட்டிப் பார்த்தாள். ஒன்றை விரலால் தொட்டாள். நடுவில் மெத்தென்று அமுங்கியது.

"வேகுலயே புள்ள. இன்னுங் கொஞ்சம் பொறு."

பொன்னாயி கதவைச் சாத்தினாள்.

அஸ்கா பிஸ்கோத்து அடுப்புக்குள் இறுகாது. மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். ஆற ஆறத் தானாக மொறுமொறுப்பாகும். உள்ளேயே இறுகட்டும் என்று காத்திருந்தால் அடி கரிந்துவிடும். கடை வைத்த புதிதில் எத்தனையோ தட்டுகளைக் கரியாக்கி, கந்தம்மாள் தானாகக் கண்டுகொண்டது இது.

இது ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் தங்கைக்கு மறைக்காமல்தான் சொல்லிக்கொடுத்தாள். வெண்ணெயையும் அஸ்காவையும் உள்ளங்கையால் நுரை போல வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். மாவு சேர்த்த பிறகு போட்டுப் பிசையக் கூடாது. அடுப்புக்குள் ஒரு சிட்டிகை மாவை எறிந்து, அது கருகுகிறதா சிவக்கிறதா என்று சூடு பார்ப்பதைக்கூடக் காட்டித் தந்தாள். பொன்னாயிக்கு நல்ல கை. ஒரு தடவை பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

அதுதான் பயமாக இருந்தது.

தனக்குப் பிள்ளையில்லை என்று, கூடப்பிறந்த தங்கையையே புருஷன் மருதாசலத்துக்கு இரண்டாந்தாரமாகக் கட்டி வைத்தவள் கந்தம்மாள். பொன்னாயி வந்தாள். மகன் பிறந்தான். பணப்பெட்டிச் சாவி பொன்னாயியின் இடுப்புக்குப் போனது. வருகிற உறவுக்காரர்கள் முதலில் குழந்தையைக் கேட்டார்கள், பிறகு குழந்தையின் தாயைக் கேட்டார்கள். ஆனால் நாமக்கல் கடைவீதியில் மருதாசலம் கடைப் பிஸ்கோத்து என்றால் அது கந்தம்மாள் கை என்று ஊருக்கே தெரியும். அவள் பக்கம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் மருதாசலம் சொன்னார்: "பொன்னாயிக்குப் பழக்கியுட்டுடு. நீ இனி அனல்ல கெடந்து வேக வேண்டாம். சும்மா உக்காந்து சாப்புடு."

அன்பாகத்தான் சொன்னார். கந்தம்மாளுக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

இன்று பெரிய நிலக்காரரான மிட்டாதார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற பிஸ்கோத்து. பொன்னாயி தனியாகப் போடும் முதல் ஈடு. வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்காமல் வாசலில் காத்திருக்கிறான்.

வாசம் மாறியது.

பொன்னாயி மூக்கை உறிஞ்சினாள். அக்காவைப் பார்த்தாள். கந்தம்மாள் குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொன்னாயி இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் கதவை இழுத்துத் திறந்தாள்.

கரிந்த கமறல் முன்பக்கக் கடைவரைக்கும் போயிருக்க வேண்டும். மருதாசலம் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். ஒரு பிஸ்கோத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடி முழுக்கக் கரி.

"இதென்ன பிஸ்கோத்தா, வறட்டியா? மிட்டாதார் ஊட்டுச் சம்பந்திக்கு இதக் குடுத்தா என்னையப் புடிச்சு மரத்துல கட்டி வெச்சுருவாங்க!"

கந்தம்மாள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குள் பொன்னாயி சொன்னாள். "அக்கா அப்பவே எடுக்கச் சொல்லுச்சுங்க. நாந்தானுங்க கேக்கல."

அவள் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. தட்டு பிடிக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

மருதாசலம் கந்தம்மாளைப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

திறந்து கிடந்த அடுப்பிலிருந்து அனல் முகத்தில் அடித்தது.

"சொன்னேனுங்க," என்றாள் கந்தம்மாள்.