அத்தானுக்கு ஒரு பதவி உயர்வு

"உங்கட உத்தியோகத்துக்கு இங்கிலீசில ஒரு பேர் இருக்கு, அத்தான். டெட் எண்ட் ஜொப்."

நண்டுக்காலை உடைத்தபடி சொன்னார் குணநாயகம். முட்டுச்சந்தில் நிற்கிற வேலையாம். மேசைக்கு அப்பால் அவருடைய அக்காவின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா சோற்றைப் பிசைந்தார். அரசாங்கத் திணைக்களமொன்றில், தலை நரைத்த பின்னும் சாதாரண எழுதுவினைஞராகவே இருப்பவர் அவர்.

தனியார் கம்பனி மனேஜரான குணநாயகம் ஞாயிறுதோறும் கல்கிசையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து அக்காவின் கையால் உண்பது வழக்கம். உண்ட நன்றிக்கு அத்தானைத் திருத்துவதும் வழக்கம். பிறருடைய தேக்கத்தைக் கண்டு உருகுவதில் உள்ள சுவை, அந்த நண்டுக்கறியிலும் இல்லை.

அடுத்து, ட்ரெடிங் வோட்டர் என்றார். கரை சேராமலும் தாழாமலும் நின்ற இடத்திலேயே காலடிப்பதாம். அதற்கும் அத்தான் அசையாததால் கிளாஸ் சீலிங் வந்தது. தலைக்கு மேலே, ஏற விடாத கண்ணாடிக் கூரையாம்.

"எங்கட கூரை ஓடு, தம்பி. மழைக்கு ஒழுகுது," என்றார் அக்கா நாகேஸ்வரி.

குணநாயகம் விடவில்லை. "பதவி வந்தால் எந்த ஊரெண்டாலும் பெட்டியைத் தூக்க வேணும், அத்தான். அவன்தான் முன்னேறுவான்."

"வந்திருக்கு," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "தலைமை எழுதுவினைஞர். பதுளையில. நீர் சொல்லுறதும் சரிதான். நாங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போறம். உம்மட மச்சான்மார் ரெண்டு பேரையும் நீர் கூட்டிக்கொண்டு போம்."

குணநாயகத்தின் கை அந்தரத்தில் நின்றது.

மச்சான்மார் என்பது அவருடைய மனைவியின் தம்பிமார். யாழ்ப்பாணத்துச் சண்டைக்குத் தப்பிவந்து, கனடா விசாவுக்காக இந்த வீட்டில் காத்திருப்பவர்கள். வடக்கிலிருந்து வந்தவர்களைக் கொழும்பில் வைத்திருக்கும் வீட்டுக்காரர், பொலிசில் பதிந்து அவர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் பொலிசார் இருவரையும் ஏற்றிப் போவார்கள். தம்முடைய அரசாங்க அடையாள அட்டையோடு போய் நின்று மீட்டு வருபவர் ஸ்ரீஸ்கந்தராசா. கல்கிசை வீட்டில் அறைகள் சும்மா கிடந்தும், தம் பெயர் பொலிஸ் நிலையத்தில் ஏறுவதைக் குணநாயகம் விரும்பியதில்லை.

அவர் கையிலிருந்த நண்டைக் கீழே வைத்தார். பதுளைக் குளிர் நெஞ்சுக்கு ஆகாது என்றார். மலைப்பாதையில் பஸ் பயணம் ஆபத்து என்றார். இந்த வயதில் பதவி எதற்கு, இருக்கிற கதிரைக்கு என்ன குறை என்று கேட்டார். அத்தனையையும் நல்ல தமிழிலேயே சொன்னார்.

நாகேஸ்வரி அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு நண்டை வைத்தார்.

"பயப்பிடாமல் சாப்பிடு, தம்பி. பெடியள் வந்த பிறகு முதல் கிடைச்ச பதவியை விட்டமாதிரியே, இதையும் அவர் போன கிழமை வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டார்."