எடை பார்த்த நாள்

“டாக்டர் என்ன சொன்னாங்க?” குவைத்திலிருந்து என் கணவர் அன்சார் கேட்டார்.

“நடக்க வச்சுப் பாத்தாங்க, எடை பாத்தாங்க. ரொம்பக் குறைஞ்சு போச்சுங்க. கேன்சர் வந்த வயசானவங்க இப்படி இளைச்சா கீமோவை உடம்பு தாங்காதாம்.”

“உம்மா சாப்பிடுறாங்களா, இல்லையா?”

“கஞ்சிகூட இறங்கலை.”

“நீ என்னதான் பாக்குற அனீஸா?”

சுருக்கென்றது. மாமியாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு முத்துப்பேட்டைக்கும் தஞ்சாவூருக்கும் பஸ்ஸில் அலைகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

“நான் பாத்தது போதும். பெத்த புள்ளையும் வந்து பாக்கட்டும்.” அழுகை நிஜமாகவே வந்துவிட்டது.

அவர் குரல் இறங்கியது.

“சரி, அழாதே. இந்த வெள்ளிக்கிழமைக்கே டிக்கெட் போடுறேன்.”

செல்போனை வைத்தேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த ஓட்டலில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் மீன் முள்ளை இலை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“வர்றானா?”

“வர்றாராம் மாமி.”

“போன தடவை எடை கூடிருச்சுன்னு உள்ளதைச் சொன்னோம். சந்தோஷமா லீவை ரத்து பண்ணிட்டான். இன்னிக்கு இன்னும் ரெண்டு கிலோ ஏறியிருக்கு. சொல்லியிருந்தா பெருநாளுக்குக்கூட வந்திருக்க மாட்டான்.”

“பொய் சொல்லிட்டோமே மாமி.”

“அது என் தலையில இருக்கட்டும். இன்னொரு மீன் சொல்லு புள்ளே. அவன் வந்து தட்டுறப்ப நானே எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறக்கணும்.”