நடுக்களத்தில் நின்ற குதிரை

ஸ்பெயின் தேசத்துப் பண்ணை ஒன்றில் ரொமேரோ என்ற வெள்ளைக் குதிரையும் பீக்கா என்ற ஆடும் ஒரே கொட்டிலில் வாழ்ந்தன. வெள்ளிக்கிழமை மாலையானால் பண்ணைக்கு விருந்தாளிகள் வருவார்கள். முதலில் ரொமேரோவின் ஆட்டம், அடுத்து விருந்து, பிறகு ஃபிளமெங்கோ நடனம்.

ஒரு வெள்ளிக்கிழமை சமையல்காரர் கொட்டிலுக்குள் வந்து பீக்காவின் முதுகை அழுத்திப் பார்த்தார். “நல்ல சதைப்பிடிப்பு” என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பிடித்தார்.

“என்னையும் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்!” என்று துள்ளிக்கொண்டே போனது பீக்கா. சமையல்காரர் அதைச் சமையற்கட்டுக்குள் இழுத்துப் போவதை ரொமேரோ பார்த்தது.

கிட்டார் ஒலித்ததும் ரொமேரோ களத்தின் நடுவில் போய் நின்றது. அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. சர்க்கரைக் கட்டியைக் காட்டினார்கள், சவுக்கை ஓங்கினார்கள். அது சமையற்கட்டைப் பார்த்துக் கனைத்தபடியே நின்றது. விருந்தாளிகள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள்.

பண்ணைக்காரிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. “அந்த ஆட்டை அவிழ்த்து இங்கே கொண்டுவாருங்கள்! விருந்துக்குக் கொண்டைக்கடலை போதும்” என்று கத்தினாள்.

பீக்கா வேலியோரம் வந்து நின்றது. ரொமேரோ முன்னங்கால்களைத் தூக்கி ஆட ஆரம்பித்தது. முறைக்குக் காத்திருந்த நடனக்காரிகள்கூடக் கைதட்டினார்கள்.

கொட்டிலுக்குத் திரும்பிய பிறகு பீக்கா கேட்டது: “என்ன ஆச்சு உனக்கு? ஏன் அப்படி மரம் மாதிரி நின்றாய்? அத்தனை பேரைப் பார்த்துப் பயந்துவிட்டாயா?”

ரொமேரோ அதன் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

“ஆமாம். ரொம்பவே பயந்துவிட்டேன்.”